பிழைக்காத குஞ்சும் எமது கடமையும்



இந்தப் பக்கத்தில் கோழி வளர்ப்பைப் பற்றி எழுதும்போது கூடு கட்டுவது, அடை வைப்பது, குஞ்சுக்குத் தீனி போடுவது என்று நல்ல காரியங்களையே எழுதுவது வழக்கம். ஆனால் கோழி வளர்ப்பவர் எல்லாருக்கும் ஒரு நாளைக்கு வந்தே தீருகிற இன்னொரு காரியம் இருக்கிறது. குஞ்சு ஒன்று நோயில் விழுந்துவிட்டது. இனிப் பிழைக்காது என்று தெரிகிறது. உயிரோ போகவில்லை. அப்போது என்ன செய்வது? இம்முறை அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம். படிக்கச் சங்கடமாக இருந்தால் ஒரு பிளேன்டி குடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் மட்டும் விட்டுவிட வேண்டாம்.

2022 ஆம் ஆண்டு நாட்டில் நெருக்கடி வந்து மாவும் முட்டையும் எட்டாத விலைக்குப் போனபோது எமது லயங்களின் பின்பக்கம் கோழிக்கூடுகள் கூடின. அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நாலு கோழியோடு தொடங்கியவர்கள் பலர் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். நல்ல விசயம். முட்டை விற்ற காசில் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் தாய்மாரை எங்களுக்குத் தெரியும். ஆனால் மலையிலும் ஸ்டோரிலும் வேலை செய்து பழகிய நமக்கு நோய்க்கோழியைக் கையாள்வது பழக்கமில்லை. அதனால் ஒரு பெரிய பிழை எல்லா லயத்திலும் நடக்கிறது. முதலில் அந்தப் பிழையை நாங்களே செய்த கதையைச் சொல்லிவிடுகிறோம்.

கானோரத்தில் கிடந்த குஞ்சு

இருபது வருடத்துக்கு முந்தி, நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதிது. பணிய லயத்தில் ஒரு அக்கா கையில் குஞ்சு ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தார். தலை தொங்கிக் கிடந்தது, வாயைத் திறந்து திறந்து மூச்சு எடுத்தது. "ஐயா, இது பொழைக்குமாங்க?" என்று கேட்டார். பார்த்த உடனே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. "பொழைக்காது அக்கா, கான் பக்கம் போட்டுருங்க, தானா போயிரும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை மடுவத்துக் கணக்குப் பார்க்கப் போய்விட்டோம். பெரிய அதிகாரி மாதிரி.

மறுநாள் காலை பிரட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கானைத் தாண்டினோம். குஞ்சு கிடந்தது. இரவு முழுக்க மழை. இறகு எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணைச் சுற்றி எறும்பு. செத்துவிட்டது என்று நினைத்துக் குச்சியால் தள்ளப் போனபோது வாயைத் திறந்தது. பதினாறு மணித்தியாலம் அது அப்படியே கிடந்திருக்கிறது. "தானா போயிரும்" என்று நாங்கள் சொன்னதன் பொருள் அதுதான். அப்போதும் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், குஞ்சைக் கையில் எடுத்து ஒரு நொடியில் முடித்துவிட்டார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இந்தக் காரியத்தைப் படித்துக்கொண்டோம். அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் வேலை செய்த ஒருவர் கைபிடித்துச் சொல்லித் தந்தார். அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் கண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

அவசரப்படவும் கூடாது

பிழைக்காது என்று முடிவு கட்டுவதற்கு முன் பிழைக்கக் கூடியதா என்று பார்க்க வேண்டும். சாகப் போகிறது என்று நாம் நினைக்கிற குஞ்சுகளில் ஒரு பங்கு குளிரில் விறைத்தவைதான். முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 10 பாகைக்குக் கீழேயும் இறங்குவதுண்டு. தாய்க்கோழியின் செட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குப் பயமில்லை. தாயில்லாமல் பெட்டிக்குள் வளர்க்கிற குஞ்சுக்குத்தான் ஆபத்து. முந்தி பெட்டிக்குள் ஒரு குண்டு பல்ப்பைத் தொங்கவிட்டால் போதும். இப்போது காம்பராவெல்லாம் எல்.ஈ.டி. பல்ப்தான். அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. பல்ப் எரிகிறதே என்று நம்பி விடியற்காலையில் குஞ்சை விறைத்துப் போன நிலையில் எடுத்தவர்கள் உண்டு.

ஆகவே சோர்ந்து கிடக்கிற குஞ்சைக் கண்டால் முதலில் காலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, சாக்கால் மூடி, மூச்சுக்கு இடைவெளி விட்டு வையுங்கள். அடுப்புக்கு மேலே வைக்க வேண்டாம், புகை அதைக் கொன்றுவிடும். சூடு ஏறிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சீனி கலந்து அலகின் ஓரத்தில் ஒரு துளி விடுங்கள். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். குளிரில் விழுந்த குஞ்சாக இருந்தால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் எழும்பிக் கத்தத் தொடங்கும். பொரித்து இரண்டு நாளுக்குள் தீனி தின்னவில்லை என்று பயப்பட வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு அதுவரை தாங்கும்.

பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்ட குஞ்சுக்கு வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரத்தை ஒற்றி விட்டாலே போதுமாக இருக்கும். கால் இரண்டும் பக்கத்துக்கு விரிந்து நிற்க முடியாத குஞ்சை, பொரித்த முதல் சில நாளுக்குள் கண்டுபிடித்தால், மெல்லிய துணிப்பட்டியால் இரு காலையும் அளவான இடைவெளியில் சேர்த்துக் கட்டிச் சொரசொரப்பான சாக்கின் மேல் விடுங்கள். சில நாளில் சரியாகிவிடுவதுண்டு. பத்திரிகைத் தாளைப் பெட்டிக்குள் விரிப்பதால் கால் வழுக்கித்தான் பல குஞ்சுக்கு இது வருகிறது.

நாலைந்து கிழமைக் குஞ்சு தூங்கி வழிந்து, இறகைச் சிலுப்பிக்கொண்டு, எச்சத்தில் இரத்தம் போனால் அது இரத்தக் கழிச்சல். மழைக்காலத்தில் கூட்டின் அடிப்பகுதி ஈரமாக இருந்தால் வரும். இதற்கு மருந்து இருக்கிறது, தண்ணீரில் கலந்து கொடுக்கலாம், நேரத்தோடு கொடுத்தால் மிச்சம் குஞ்சுகள் தப்பும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற ஆள் மாத்திரைகளை உடைத்துப் போடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். மருந்து கொடுத்த கோழியை எத்தனை நாளைக்கு அறுக்கக்கூடாது என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

ஒரு விசயத்தை நேராகச் சொல்ல வேண்டும். ஒரு குஞ்சுக்காக டவுனுக்கு பஸ் ஏறினால் அன்றைக்கு அரைப்பேர்கூடக் கிடைக்காது. பஸ் காசே குஞ்சின் விலையை விட அதிகம். அதைச் செய்யுங்கள் என்று நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். தொலைபேசியில் எடுத்துக் கேளுங்கள், அல்லது எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுச் சொல்கிறோம். செலவு செய்ய முடியாதது குற்றம் அல்ல. செலவு செய்யவும் முடியாமல், முடிக்கவும் மனமில்லாமல், நடுவில் அந்த உயிரைக் கிடக்க விடுகிறோமே, அதைத்தான் சொல்கிறோம்.

எப்போது முடிவெடுப்பது?

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது. சூடு கொடுத்து மூன்று மணித்தியாலம் ஆகியும் தலை தூக்கவில்லை, அலகில் வைத்த துளியை விழுங்கவில்லை என்றால் அது திரும்பி வருவது அபூர்வம். சாயங்காலம் கண்டீர்கள் என்றால் படுக்கப் போகும் முன் முடிவெடுங்கள். "காலையில பாப்போம்" என்பது நமக்கு ஒரு இரவுத் தூக்கம், அதற்கு ஒரு இரவு வேதனை.

சில நிலைமையில் மூன்று மணித்தியாலமும் காத்திருக்கத் தேவையில்லை. நாயோ கீரியோ கடித்துக் குடல் வெளியே வந்த குஞ்சு. இரண்டு காலும் முறிந்தது. தொப்புள் பக்கம் வீங்கிக் கறுத்து நாற்றம் எடுக்கிற சின்னக் குஞ்சு. வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறி, பச்சை நிறத் தண்ணியாகக் கழிந்து, கழுத்து முறுக்கிப் பின்னால் திரும்பியது. இந்தக் கடைசியில் சொன்னது ரானிக்கெட் நோயின் அடையாளம். இங்கிலாந்தில் நியூகாசல் என்ற ஊரில் 1926 இல் கண்டதால் அந்த ஊர்ப் பெயரும், இந்தியாவின் ரானிக்கெட்டில் கண்டதால் இந்தப் பெயரும் இதற்கு வந்தன. வந்த பிறகு இதற்கு மருந்தே இல்லை. ஊசியோ சொட்டு மருந்தோ வருமுன் போட்டால்தான் உண்டு. தடுப்பு மருந்து போடாத கூட்டில் புகுந்தால் கூட்டையே காலி செய்துவிடும். இந்த நோய்க்குஞ்சை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அதற்கும் வேதனை, பக்கத்துக் காம்பராக் கோழிகளுக்கும் எமன்.

அதே சமயம் அம்மை போட்ட குஞ்சை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். கொண்டையிலும் கண்ணோரத்திலும் மட்டும் பொருக்கு வந்து, தீனி தின்கிற குஞ்சு பெரும்பாலும் தேறிவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் புண் வந்து, விழுங்க முடியாமல் போனதுதான் கஷ்டம்.

பாவம் இல்லையா?

இந்தக் கேள்வி எங்களிடம் வராத நாளில்லை. இந்த வருடம் மே மாதத்து மழையில் மேட்டு லயத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஐந்தாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை, அதன் அம்மா, அப்பாயி, மூன்று பேர். அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார். தவிட்டு நிறக் கோழி ஒன்று பதின்மூன்று முட்டையில் பதினொரு குஞ்சு பொரித்தது. பிள்ளைதான் காவல். நாலாவது கிழமையில் இரத்தக் கழிச்சல் வந்து மூன்று செத்துப் போன பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. மருந்தை எடுத்துக் கொடுத்தோம். ஆறு குஞ்சு தண்ணீரைக் குடித்து மெல்லத் தேறியது. இரண்டு மட்டும் குடிக்கும் நிலையைத் தாண்டிவிட்டன. இரண்டாம் நாள் மாலை நாங்கள் போனபோது அவை ஒரு பழைய பால்மாப் பெட்டிக்குள், பிள்ளையின் பள்ளிக்கூட ஸ்வெட்டருக்கு மேல் கிடந்தன. பிள்ளை அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை போத்தலில் வெந்நீர் மாற்றியிருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாம் சரியாகச் செய்திருந்தது. குஞ்சின் கால்தான் ஐஸ் மாதிரி.

நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். அப்பாயி தலையை ஆட்டினார். "உசுரு இருக்கையில நாம எடுக்கக் கூடாது சாமி. அதுவா போகட்டும். குடுத்தவன் எடுத்துக்குவான்."

வயதானவர் வார்த்தையை மறுத்துப் பேசுவது எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் கேட்டோம்: "அப்பாயி, ரோதைமுனிக்கு சேவல் அறுக்கிறமே, அப்ப எப்படி அறுக்கிறோம்?"

"ஒரே வெட்டுதான். ரெண்டு வெட்டு வெட்டினா சாமிக்கு ஆகாது."

"ஏன் ஆகாதுங்க?"

அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. "துடிக்க விடக்கூடாதுல்ல" என்றார்.

சாமிக்கும் தீபாவளிக்கும் அறுக்கிற சேவலைத் துடிக்க விடக்கூடாது என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நோய்க்குஞ்சு விசயத்தில் மட்டும் அது மறந்துபோகிறது. கறிக்கு அறுக்கும்போது கை நடுங்குவதில்லை, காரணம் அதில் நமக்குப் பலன் இருக்கிறது. பலன் இல்லாத இடத்தில் பாவம் நினைவுக்கு வருகிறது. இது எங்கள் கருத்து, கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். வீணாக ஒரு பிராணியை வதைக்கக் கூடாது என்று இந்த நாட்டில் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். கானில் கிடந்த அந்தக் குஞ்சை நாங்கள் தொடாமல் இருந்ததால் எங்கள் கையில் பாவம் ஒட்டவில்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

செய்யும் விதம்

முதலில் செய்யக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இவைதான் அதிகம் நடக்கின்றன. வாளித் தண்ணீரில் அமுக்குவது. ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கட்டுவது. உயிரோடு புதைப்பது. சுவரில் அடிப்பது. கழுத்தைப் பிடித்துச் சுழற்றுவது. நாய்க்குப் போடுவது. எலி மருந்து வைப்பது. இப்போது சில வீடுகளில் பிரிஜ் வந்துவிட்டது, அதன் ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் தூங்கிவிடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தூங்காது, விறைத்து வேதனைப்பட்டுத்தான் சாகும். இவை எல்லாமே நாம் பார்க்காமல் இருப்பதற்கான வழிகள். குஞ்சுக்கு ஆறுதலான வழிகள் அல்ல.

சரியான வழி கழுத்தெலும்பை ஒரே இழுவையில் பிரிப்பது. மிருக வைத்தியர்களும் ஒப்புக்கொண்ட முறை. இடது கையில் குஞ்சின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். வலது கையின் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில், மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் இடம் வர வேண்டும். பெருவிரல் அலகுக்குக் கீழே தாடையில். இனித் தலையை நேராகக் கீழே இழுத்து, அதே அசைவில் பின்பக்கம் மடக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை, இரண்டு வேலை அல்ல. எலும்பு விட்டதும் விரலுக்குத் தெரியும், மண்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இடைவெளி தட்டுப்படும். பயந்து பயந்து மெல்ல இழுத்தால் பாதியில் நின்றுவிடும், அதுதான் கொடுமை. பலம் கூடித் தலையே கழன்று வந்தாலும் பார்க்கத்தான் கஷ்டம், அதற்கு வலி இல்லை. மிகச் சின்னக் குஞ்சு, இரண்டு மூன்று நாள்தான் என்றால், பலகையில் வைத்துக் கூரான கத்தியால் தலையை ஒரே வெட்டில் எடுப்பது கை பழகாதவருக்குச் சுலபம். மொட்டைக் கத்தி கூடவே கூடாது. கவ்வாத்துக் கத்தி தீட்டுகிற நமக்குக் கூர்மை என்றால் என்ன என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பிறகு செட்டையும் காலும் அடித்துக்கொள்ளும், ஒரு நிமிசம், சில சமயம் அதற்கும் கொஞ்சம் மேலே. அறுத்த சேவல் துடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அதுபோல நரம்பின் துடிப்புத்தான். அதைப் பார்த்துப் பயந்து கையை விட்டுவிடாமல் துணியால் சுற்றிப் பிடித்திருங்கள். அடங்கியதும் கண்ணை விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள், இமைக்கக் கூடாது. மூச்சு இருக்கிறதா என்று நெஞ்சைப் பாருங்கள். ஐந்து நிமிசம் கழித்து இன்னொரு தரம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உடனே மறுபடி செய்யுங்கள். உறுதியானால் மட்டும் புதையுங்கள்.

இதை முதல்முறையாக உயிருள்ள குஞ்சில் செய்து பார்க்காதீர்கள். தானாகச் செத்த குஞ்சோ, கறிக்கு அறுத்த கோழியோ கிடைக்கும்போது பிடியைப் பழகிக்கொள்ளுங்கள். நோயில் செத்ததைத் தொட்டால் கையை நன்றாகச் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். எவ்வளவு சொன்னாலும் சிலருக்குக் கை வராது. அது குறை அல்ல. லயத்தில் கோழி அறுக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு பெட்டியை மூடி வைக்காதீர்கள்.

அன்று மேட்டு லயத்தில் முதல் குஞ்சை நாங்கள் செய்தோம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் முன்னதாக ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுக்கொள்ளாமல் முடியவில்லை. இரண்டாவதை எடுக்கப் போனபோது பிள்ளையின் அம்மா தடுத்தார். கொழுந்து மலையிலிருந்து வந்த உடை மாற்றவில்லை, இடுப்பில் படங்கு அப்படியே இருந்தது. "அதை என்கிட்ட குடுங்க ஐயா. அடுத்த வாட்டி நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்கள்ல" என்றார். விரல் வைக்கும் இடத்தை மட்டும் காட்டினோம். கொழுந்து கிள்ளிய கை, நாங்கள் செய்ததை விடச் சுத்தமாகச் செய்தது. முடிந்த பிறகுதான் அழுதார்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

அந்தப் பிள்ளை எங்களிடம் கேட்டது: "ஐயா, இதுங்க நல்லாயிருமா?" அப்பாயி அதற்குள் "டாக்டர்கிட்ட கொண்டு போறாங்க கண்ணு" என்று சொல்லப் பார்த்தார். அன்பினால்தான். ஆனால் டாக்டரிடம் போன குஞ்சு திரும்பி வராவிட்டால் பிள்ளை நாளைக்கும் கேட்கும், நாளன்றைக்கும் கேட்கும். அப்புறம் ஒரு நாள் வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?

நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: "நல்லாகாதும்மா. ரொம்ப வலிக்குது அதுங்களுக்கு. வலி இல்லாம முடிச்சிடப் போறோம். நீ செஞ்சது எல்லாம் சரிதான். உன்னாலதான் மத்த ஆறும் இருக்குது." பிள்ளை இரண்டையும் ஒருமுறை தடவிக் கொடுத்தது. பிறகு அப்பாயி பீலிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் செய்ய வேண்டாம், பிள்ளையின் கையாலும் செய்விக்க வேண்டாம். ஆனால் நடந்ததை மறைக்கவும் வேண்டாம். புதைக்கிற நேரம் கூட நின்றால் நிற்கட்டும். "நீ தண்ணி வைக்காததாலதான் செத்துச்சு" என்று கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் அதை அன்றைக்கே மறந்துவிடுவோம், பிள்ளை மறக்காது.

அதன் பிறகு

நோயில் செத்ததையோ முடித்ததையோ கறிக்கு எடுக்க வேண்டாம். கானிலும் ஆற்றிலும் போட வேண்டாம், நமது கான் கீழே இருக்கிற லயத்தின் வாசலால் போகிறது. பீலிக்கும் ஊற்றுக்கும் தூரமாக, இரண்டு அடிக்குக் குறையாத குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடி, நாய் கிளறாமல் மேலே கல் வையுங்கள். கூட்டின் அடிப்பகுதியில் உள்ளதைச் சுரண்டி எடுத்து எரித்து, கழுவி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடியுங்கள். ரானிக்கெட் மாதிரி இருந்தால் ஒரு மாதமாவது புதுக்கோழி விட வேண்டாம். மிச்சம் இருக்கிற கோழிகளை நோய் வந்த உடனே விற்றுத் தள்ளும் பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. "போறதுக்குள்ள காசாக்கிருவோம்" என்று வியாபாரியிடம் கொடுக்கிறோம், அவர் அடுத்த தோட்டத்துக்கு நோயைக் கொண்டு போய் இறக்குகிறார். போன முறை நம் லயத்துக்கு வந்தது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? கூட்டமாகச் சாகத் தொடங்கினால் அரச மிருக வைத்தியர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் அதற்காகத்தான்.

கடைசியாகத் தடுப்பு மருந்து. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் இருக்கிற மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் கோழிகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறார்கள். நமக்குள்ள சிக்கல் வேறு. ஒரு சின்னக் குப்பி மருந்து நூறு கோழிக்கோ அதற்கு மேலோ வரும். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், கரைத்த பிறகு ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஏழு கோழிக்காக ஒரு குப்பியை யாரும் உடைக்க மாட்டார்கள். ஒரு லயத்தார் ஏழு, இன்னொரு லயத்தார் பத்து என்று பெயர் கொடுத்து, டிவிசன் முழுக்க ஒரே நாளில் போட்டால்தான் முடியும். அதற்கு ஒரு கொப்பி போட்டுப் பிள்ளை மடுவத்தில் வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் பெயர், லய நம்பர், கோழி எத்தனை, குஞ்சு எத்தனை என்று எழுதிவிட்டுப் போங்கள்.

கொப்பியில் முதல் பெயர் எழுதியது மேட்டு லயத்துப் பிள்ளைதான். கோழி ஒன்று, குஞ்சு ஆறு என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் சின்ன எழுத்தில், அடையில் முட்டை ஒன்பது.